எல்லாம் பெற்றவர் கேட்ட கேள்வி

பெரியோர் சரித்திரம் சொல்லப் புகுவோர், வறுமையில் பிறந்து, தெருவிளக்கில் படித்து, பரீட்சையில் தேறி, உயர்பதவி அடைந்தவர்களின் வரலாற்றையே பெரும்பாலும் எமக்குச் சொல்லி வந்துள்ளனர். அவ்வரலாறு பதவி ஏற்ற நாளோடு முடிந்துவிடும். பதவியும் பொருளும் புகழும் கைக்கு வந்தபின், அம்மனிதர் காலையில் கண்விழித்து என்ன எண்ணினார் என்பதை எழுதுவார் இல்லை. நம் சங்கத்து இளைஞருள் பலர் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் கணக்காளராகவும் வரவேண்டுமென்று இராப்பகலாய்ப் படிப்பவர்கள். மூத்தோருள் பலர் அவ்வாறே வந்து, உழைத்துக் களைத்து, ஓய்வூதியம் பெறுபவர்கள். இரு சாராரையும் மனத்திற் கொண்டு, எல்லாவற்றையும் பெற்று முடித்தபின் வாழ்வின் பொருளை இழந்து நின்ற ஒருவரின் சரிதத்தை ஈண்டு எழுதத் துணிந்தோம். அவர் ருஷ்ய நாட்டுக் கோமகன் லியோ தோல்ஸ்தோய்.

மொஸ்கோ நகருக்குத் தெற்கே, தூலா மாகாணத்தில், யாஸ்னயா பொல்யானா என்னும் பண்ணையில் 1828 செப்டெம்பர் 9இல் அவர் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன் தாயை இழந்தார். ஒன்பதாம் வயதில் தந்தையும் மறைந்தார். அத்தைமாரே அவரை வளர்த்தனர். கசான் சர்வகலாசாலையில் முதலில் கீழைத்தேய மொழிகளும் பின்னர் சட்டமும் பயின்று, பட்டம் பெறாமலே 1847இல் வெளியேறினார். பின்பு சூதாட்டமும் கடனும் கேளிக்கையுமாகச் சில ஆண்டுகள் கழிந்தன. அதனை விரித்தெழுத வேண்டியதில்லை. அவரே தம் நாட்குறிப்பில் தம்மை வேண்டிய மட்டும் கண்டித்துக்கொண்டார்.

1851இல் அண்ணன் நிக்கொலாயுடன் கோக்கேசிய மலைநாட்டுக்குச் சென்று படையிற் சேர்ந்தார். அங்கிருந்து எழுதி அனுப்பிய ‘குழந்தைப் பருவம்’ 1852இல் வெளிவந்தது. கிரிமிய யுத்தத்தில் செவஸ்தபோல் கோட்டையிற் பீரங்கிகளுக்கு நடுவே இருந்து அவர் எழுதிய கதைகளை நாடே வாசித்தது. 1859இல் தம் பண்ணையிலே குடியானவரின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். அடி இல்லை, தண்டனை இல்லை, வீட்டுப்பாடமும் இல்லை. பிரம்புக்குப் பயந்து படித்த நம் பாட்டன்மார் இதனை நம்பியிருக்கமாட்டார்கள். 1862இல், தமது 34ஆம் வயதில், 18 வயதுச் சோபியா என்னும் பெண்ணை மணந்தார்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளும் ஒரு மனிதன் கனவில் வேண்டக்கூடியதெல்லாம் அவருக்கு நனவிற் கிடைத்த காலம். ‘போரும் சமாதானமும்’ 1869இல் எழுதி முடிந்தது. அந்த மாபெரும் நூலின் கையெழுத்துப் பிரதிகளை, திருத்தத்தின் மேல் திருத்தமாக அவர் கிறுக்கிய தாள்களிலிருந்து, இரவு வேளைகளில் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலே திரும்பத் திரும்பப் படியெடுத்தவர் சோபியா அம்மையார். பகலிற் பிள்ளைகள், வீடு, பண்ணைக் கணக்கு. இரவிலே இந்த வேலை. இதனை வாசகர் மனத்தில் வைத்திருக்க வேண்டுகிறோம், பின்னால் வேண்டிவரும். 1873இல் தொடங்கிய ‘அன்னா கரீனினா’ 1877இல் நிறைவெய்தியது. ருஷ்யாவின் முதல் எழுத்தாளர் அவரே என்பதில் அப்போது பலருக்கு ஐயமிருக்கவில்லை. சாமரா மாகாணத்துப் புல்வெளிகளிலே ஏறக்குறைய 16,000 ஏக்கர் நிலமும் நூற்றுக்கணக்கான குதிரைகளும் சேர்ந்தன. உடலோ, குடியானவர்களுக்கு ஈடாக நின்று புல் அரியும் வலிமையுள்ள உடல்.

இவ்வளவும் இருக்க, உள்ளே ஏதோ முறிந்துகொண்டு வந்தது. முதற் குறி 1869இலேயே தோன்றிற்று. மலிவாய் ஒரு நிலம் விலைக்கு வருகிறதென்று கேள்வியுற்றுப் பயணம் போனவர், அர்சமாஸ் என்னும் ஊரிலே ஒரு விடுதியில் இராத் தங்கினார். நடுநிசியிற் காரணமின்றி ஒரு பெரும் பீதி அவரைப் பிடித்தது. எங்கே போகிறேன், எதை வாங்கப் போகிறேன், எதை விட்டு ஓடுகிறேன் என்று உள்ளம் கேட்கத் தொடங்கியது. விடிந்ததும் அது மறைந்தது போலிருந்தாலும் உண்மையில் மறையவில்லை. 1873க்கும் 1875க்கும் இடையில் மூன்று பச்சைக் குழந்தைகள் அவ்வீட்டில் இறந்தன. அவரைத் தாய்போல் வளர்த்த தத்தியானா அத்தையும் 1874இல் இறந்தார்.

‘அன்னா கரீனினா’வை முடிக்கும் தறுவாயில் அந்நூலே அவருக்கு அலுத்துவிட்டது. நிலம் பெருகினால் என்ன, அதன்பின் என்ன? ஷேக்ஸ்பியரைவிடப் புகழ் வந்தால் என்ன, அதன்பின் என்ன? பிள்ளைகளுக்குக் கல்வி கற்பிக்க எண்ணும்போதே, எதற்காக என்ற கேள்வி குறுக்கே வந்து நின்றது. ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் நின்றதுபோல அவர் வாழ்வு நின்றது. தனியே படுக்கும் அறையிலே கயிற்றைக் கண்ணிற் படாமல் ஒளித்துவைத்தார். துப்பாக்கியோடு வேட்டைக்குப் போவதையும் நிறுத்தினார். தோல்வியுற்றவன் மனமுடைவதை நாம் அறிவோம். பரீட்சை முடிவுகள் வெளிவரும் காலங்களிற் கண்டுமிருக்கிறோம். இவரோ வெற்றியின் உச்சியில் நின்றுகொண்டே மனமுடைந்தார். வெற்றிக்கு அப்பால் ஓடிச்சென்று பிடிப்பதற்கு இன்னொன்று இல்லாதபடியால், அவருடைய துன்பம் தோற்றவன் துன்பத்திலும் கொடியதென்றே எமக்குத் தோன்றுகிறது.

இந்நிலையை அவர் 1879 தொடக்கம் எழுதிய ‘ஒப்புதல்’ என்னும் சிறு நூலில் வைத்துள்ளார். அதில் அவர் தம் நிலைக்கு உவமையாகக் கீழைத்தேயக் கதை ஒன்றை எடுத்துச் சொல்கிறார். விலங்கொன்று துரத்த ஓடிவந்தவன் பாழ்ங்கிணற்றில் இறங்கி ஒரு செடியைப் பற்றித் தொங்குகிறான். கீழே கொடும்பாம்பு வாய் திறந்து கிடக்கிறது. வெள்ளெலியும் கருவெலியும் செடியின் அடியை அரிக்கின்றன. அவனோ இலையிலிருந்து சிந்தும் தேன்துளியை நக்குகிறான். இது நமக்குப் புதிதன்று. மகாபாரதத்தில் மைந்தரை இழந்த திருதராட்டிரனுக்கு விதுரன் சொல்வதும், நம் சூளாமணியிற் பாட்டாக வருவதும் இதுவே. தோல்ஸ்தோய்க்குக் குடும்பமும் கலையுமே அத் தேன்துளிகளாயிருந்தன. இப்போது அவையும் இனிக்கவில்லை.

விடை தேடி அவர் அலைந்த வழியெல்லாம் எழுத இவ்விதழ் போதாது. விஞ்ஞானிகளின் நூல்களைப் படித்தார். சாலமோன், புத்தர், சோக்கிரதர், ஷோப்பன்ஹவர் ஆகியோரிடம் கேட்டார். பிறந்த மதத்துக்குத் திரும்பி நோன்பிருந்தார். 1881இல் குடியானவர் உடையும் மரப்பட்டைச் செருப்புமாக ஒப்தினா மடத்துக்குக் கால்நடையாகச் சென்றார். முடிவில் அவருக்கு வழி காட்டியது நூலன்று. தம்மைச் சுற்றியுள்ள உழவரையும் வேலையாட்களையும் அவர் பார்த்தார். வாழ்வுக்குப் பொருளில்லையென்று வாதிட்டவரெல்லாம் தம்மைப் போலப் பிறர் உழைப்பில் உண்டு ஓய்ந்திருப்பவர்களே என்பதும், உழுது பாடுபடுகின்ற கோடிக்கணக்கானவர் வாழ்வையும் சாவையும் அமைதியுடன் ஏற்கின்றனர் என்பதும் அப்போதுதான் அவருக்குப் புலப்பட்டது. வாழ்வு பொருளற்றதன்று, தாம் வாழ்ந்த வாழ்வே பொருளற்றது என்று கண்டார். வசந்தகாலத் தொடக்கத்தில் ஒருநாள் காட்டில் தனியே நின்றபோது, கடவுளை நினைந்த கணங்களிலெல்லாம் தாம் உயிர்த்தெழுவதையும் மறந்த கணங்களிற் செத்துப்போவதையும் தமக்குள்ளே கண்டதாகச் சொல்கிறார்.

பின்னர் அவர் சுவிசேஷத்தைக் கிரேக்க மொழியில் தாமே படித்து, மலைப்பிரசங்கத்தை, சிறப்பாகத் தீமையைத் தீமையால் எதிர்க்காதே என்னும் போதனையை, வாழ்க்கைச் சட்டமாக எடுத்துக்கொண்டார். மிஷன் கல்லூரியில் அப்பிரசங்கத்தை மனனஞ்செய்து ஒப்புவித்துப் புள்ளி வாங்கியவர் நாம். அதனை எழுத்துக்கு எழுத்து ஒருவர் கைக்கொள்ள முயன்றால் அரசும் திருச்சபையும் அவரை என்ன செய்யும் என்பது அவ்வகுப்பிற் சொல்லித்தரப்படவில்லை. ‘ஒப்புதல்’ ருஷ்யாவில் அச்சாகாது தடுக்கப்பட்டு 1884இல் ஜெனீவாவில் வெளிவந்தது. 1901இல் திருச்சபை அவரைத் தன் கூட்டத்தவர் அல்லரென்று அறிவித்தது.

1882 ஜனவரியில் மொஸ்கோவிற் குடிசன மதிப்பு நடந்தபோது, ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பகுதி ஒன்றைத் தாமே கேட்டுப் பெற்றுக் கணக்கெடுத்தார். பணம் சேர்த்து இவர்களைக் கைதூக்கிவிடலாம் என்று எண்ணிப் போனவர் நாணித் திரும்பினார். ஒருவன் முதுகில் ஏறி அமர்ந்துகொண்டே அவனுக்காக இரங்குவதுதான் தம் தருமம் என்று உணர்ந்தார். அதன்பின் தம் அறையைத் தாமே கூட்டினார், விறகு பிளந்தார், தண்ணீர் இழுத்தார், உழுதார். இறைச்சி, மது, புகையிலை, வேட்டை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விட்டார். சப்பாத்துத் தைக்கவும் பழகினார். அவர் தைத்த சோடி ஒன்றைக் கவிஞர் பெத் விலைகொடுத்து வாங்கி, நேர்த்தியாயிருக்கிறதென்று நற்சாட்சிப் பத்திரமும் எழுதிவைத்தார். அன்பர் ஒருவர், பின்னாளில் மருமகனானவர், தமக்குக் கிடைத்த சோடியை அவருடைய பன்னிரண்டு நூற்றொகுதிகளுக்குப் பக்கத்திற் பதின்மூன்றாந் தொகுதியாக அடுக்கி வைத்தாராம்.

அவர் எழுத்தை விட்டுவிடவில்லை; எழுத்தே மாறிற்று. எம்மிற் பலர் ஆங்கிலப் பாடப்புத்தகத்திற் படித்த, ஒருவனுக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்னும் கதை 1886இல் வந்தது. புல்வெளி நாட்டில் மலிவாய்க் கிடைக்கும் நிலத்தை ஓடியோடி வளைத்து, ஆறடி நிலத்தில் அடங்கும் அந்தப் பாகோமின் கதையை எழுதியவர், அதே புல்வெளியில் 16,000 ஏக்கர் வாங்கியவர் என்பதை எமக்கு ஆசிரியர் சொல்லியிருந்தால் இன்னும் கவனித்துப் படித்திருப்போம். ‘இவான் இலியிச்சின் மரணம்’ வந்ததும் அவ்வாண்டிலேதான். இவான் இலியிச் ஒரு நீதிபதி. நல்லவர், கையூட்டு வாங்காதவர், ஒழுங்காகப் பதவி உயர்ந்தவர். புது வீட்டுக்குத் திரைச்சீலை மாட்ட ஏணியில் ஏறித் தவறி விழுந்து விலாவில் அடிபட்டு, அதுவே நோயாகிப் படுத்தபின்தான், சரியாகவே நடந்த தம் வாழ்வு முழுவதும் சரியில்லாதிருந்திருக்கலாமோ என்று முதன்முறை ஐயுறுகிறார். மனைவியும் வைத்தியரும் நண்பரும் நடிக்க, கெராசிம் என்னும் வேலைக்காரப் பையன் ஒருவனே பொய் சொல்லாமல் அவர் கால்களைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு இரவெல்லாம் இருக்கிறான். உத்தியோகமே புருஷலட்சணம் என்று வாழும் நம் சமூகத்தில், முதல் நியமனக் கடிதத்தோடு சேர்த்துக் கொடுக்கத்தக்க நூல் இது.

இப்பெரியாரின் வாழ்விலே மிக உயர்ந்த பகுதி எதுவென்று எம்மைக் கேட்டால், 1891 முதல் இரண்டு ஆண்டுகளையே சொல்வோம். அவ்வாண்டு ருஷ்யாவின் நடுப்பகுதியிலும் வொல்கா ஆற்றுப் பக்கத்திலும் விளைச்சல் பொய்த்துப் பெரும் பஞ்சம் வந்தது. பணம் கொடுத்துத் தருமம் செய்வது செல்வரின் போலி ஆறுதல் என்று பத்தாண்டாக எழுதிவந்தவர் தோல்ஸ்தோய். ஆகவே முதலில் நிவாரண முயற்சிகளை அவர் ஒப்பவில்லை. பிறகு நண்பர் ராயெவ்ஸ்கி அழைத்துச் சென்று காட்டிய கிராமங்களைக் கண்டார். கண்டபின் கொள்கையை ஒருபுறம் வைத்துவிட்டு, ரியசான் மாகாணத்துப் பெகிச்செவ்கா என்னும் ஊரிலே, தம் பெண்மக்கள் தத்தியானா, மரியா ஆகியோருடன் போய்த் தங்கினார். ராயெவ்ஸ்கி அந்த நவம்பரிலேயே வேலையினிடையே நோயுற்று இறந்தார். இவர் தொடர்ந்தார். ஊர் ஊராய்ப் பனியிற் சென்று, குடியானவர் வீடுகளிலேயே அடுப்பு மூட்டி, எவர் மிகவும் இல்லாதவரென்று ஊராரைக் கொண்டே பெயரெழுதி, இலவசப் போசனசாலைகளை நடத்தினார். 1892 கோடையளவில் அவை 200க்கு மேற்பட்டன. நாள்தோறும் 10,000 பேருக்கு மேல் உண்டனர். குழந்தைகளுக்கு வேறாகப் பாற்கஞ்சி. உழவு மாடில்லாதவருக்குக் குதிரை. அடுத்த விதைப்புக்கு விதைத் தானியம். சிறு பிள்ளைகளோடு மொஸ்கோவில் இருந்த சோபியா அம்மையார் பத்திரிகையிலே ஒரு வேண்டுகோள் விடுத்தார். உள்நாட்டிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பணம் வந்து குவிந்தது. அம்மையாரே கணக்கு வைத்துத் துணியும் தானியமும் அனுப்பினார். தாமும் ஒருமுறை சென்று தங்கி வேலை செய்தார். கணவனும் மனைவியும் ஒரே நுகத்தில் இழுத்த கடைசிக் காலம் அதுவெனலாம். தம் கொள்கைக்கு மாறாகச் செய்கிறோம் என்று தோல்ஸ்தோய் அப்போதும் கடிதங்களில் வருந்தினார். பசித்தவனுக்கு முன்னால் கொள்கையை விட்டுக்கொடுக்க முடிந்ததே அவர் தம்மைக் கண்டுகொண்டதற்குச் சான்றென்பது எம் கருத்து. அவர் சீடருட் சிலர் இதனை ஒப்பமாட்டார்கள்.

இனி வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். 1891இல் அவர், 1881க்குப்பின் எழுதிய நூல்களின் உரிமையை உலகுக்கே விட்டுக்கொடுத்தார்; 1892இல் சொத்து முழுவதையும் மனைவி மக்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அதே வீட்டிலேயே வாழ்ந்தார். பணியாட்கள் பரிமாறும் மேசையில் அவர் தம் கஞ்சியை உண்ணவேண்டியிருந்தது. அந்த முரண் அவரை நாளும் அறுத்தது. சோபியா அம்மையாரின் பக்கமும் கேட்கப்படவேண்டும். பதின்மூன்று பிள்ளைகளைப் பெற்று, ஐந்து பேரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தவர் அவர். கடைக்குட்டி வானிச்கா 1895இல் ஏழு வயது நிறையுமுன் இறந்தபோது அவர் மனம் ஏறக்குறைய உடைந்தே போயிற்று. கணவன் பொருளைத் துறந்தால் பிள்ளைகளின் படிப்புக்கும் கலியாணத்துக்கும் யார் பொறுப்பு என்று கேட்ட தாயை உலகம் பேராசைக்காரி என்றது. அவர் கேட்டதைத்தான் நம் வீடுகளில் எந்தத் தாயும் கேட்டிருப்பார்.

1897இலேயே வீட்டைவிட்டுப் போய்விட எண்ணி அவர் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினார். அறுபதை அணுகும் இந்துக்கள் காட்டுக்குச் செல்வதுபோலத் தாமும் கடைசி ஆண்டுகளை இறைவனுக்கே கொடுக்க விரும்புவதாக அதில் எழுதியிருந்தார். நம் வானப்பிரஸ்தம் அந்தப் பனிநாட்டு முதியவரின் நெஞ்சில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது! ஆயின் கடிதத்தைக் கொடுக்கவில்லை, போகவும் இல்லை. அது அவர் இறந்தபின்னரே அம்மையார் கைக்கு வந்தது. 1899இல் வெளிவந்த ‘புத்துயிர்’ நாவலின் வருமானத்தை, படைச்சேவையை மறுத்துத் துன்புற்ற துகோபர் என்னும் எளிய மக்கள் கனடாவுக்குக் குடியேறுவதற்குக் கொடுத்தார்.

நம்மவரோடு அவருக்குள்ள தொடர்பு இறுதி ஆண்டுகளிலே வலுப்பெற்றது. 1908இல், தாரக்நாத் தாஸ் என்னும் வங்க இளைஞருக்கு விடையாக, ‘ஓர் இந்துவுக்குக் கடிதம்’ எழுதினார். வன்முறையால் விடுதலை வராது, தீமைக்கு உடன்படாமையே வழி என்று அதில் எடுத்துச் சொல்லுமிடத்துத் திருக்குறளைப் பெயர் சொல்லிக் காட்டி, இன்னாசெய்யாமை அதிகாரத்துக் கருத்துகளைத் தருகிறார். அக்கடிதத்தைக் கண்ட காந்தியடிகள் 1909இல் அவருக்கு எழுதி, அதனைக் குஜராத்தியிற் பெயர்த்து வெளியிட்டார். அடுத்த ஆண்டு யோகனஸ்பேர்க் நகருக்கு அணித்தாய், நண்பர் கலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கர் நிலத்தில் ‘தோல்ஸ்தோய் பண்ணை’ எழுந்தது. சத்தியாக்கிரகத்திற் சிறைசென்ற தமிழர் பலரின் குடும்பங்கள் அங்கு வாழ்ந்தன. காந்தியடிகள் தமக்குத் தெரிந்த அளவில் அங்குள்ள பிள்ளைகளுக்குத் தமிழும் கற்பித்தார். கலன்பாக் ஒரு மடத்துத் துறவிகளிடம் செருப்புத் தைக்கப் பழகிவந்து காந்தியடிகளுக்கும் மற்றோருக்கும் பழக்கினார். யாஸ்னயா பொல்யானாவிற் பிடித்த ஊசி ஆபிரிக்காவிலே தமிழ்ப் பிள்ளைகளின் கைக்கு வந்ததென்று சொல்லலாம். 1910 செப்டெம்பரில், தாம் இறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், தோல்ஸ்தோய் காந்தியடிகளுக்குத் தம் கடைசி நீண்ட கடிதத்தை எழுதினார்.

அதற்குள் வீடு போர்க்களமாகிவிட்டது. எல்லா நூல்களின் உரிமையும் குடும்பத்தைச் சேராதபடி அவர் 1910 கோடையிற் காட்டிலே ஒரு மரக்குற்றியில் இருந்து இரகசியமாக மரணசாதனம் எழுதினார். சீடர் செர்த்கோவ் ஒருபுறமும் மனைவி மறுபுறமும் அவருடைய நாட்குறிப்புகளுக்காகப் போராடினர். நவம்பர் 10ஆந் திகதி விடியுமுன், 82 வயதில், வைத்தியர் மக்கொவித்ஸ்கியை மட்டும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டைவிட்டு வெளியேறினார். ஒப்தினா மடத்துக்கும், சகோதரி மரியா துறவியாக இருந்த ஷமோர்தினோவுக்கும் சென்றார். கடைசி மகள் அலெக்சாந்திரா வந்து சேர்ந்துகொண்டார். எங்கே போவதென்று தெளிவில்லாமலே புகைவண்டியிற் சென்றவருக்குக் காய்ச்சல் கண்டது. அஸ்தாபவோ என்னும் சிறு நிலையத்தில் இறக்கி நிலைய அதிபரின் வீட்டிற் கிடத்தினர். செய்தியறிந்த அம்மையார் தனிவண்டியில் ஓடி வந்தார். உள்ளே விட்டால் நோயாளி தாங்கமாட்டாரென்று தடுத்துவிட்டனர். நாற்பத்தெட்டு ஆண்டு கூடிவாழ்ந்தவர், யன்னற் கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். நினைவு தவறியபின்னரே அவரை உள்ளே விட்டனர். 1910 நவம்பர் 20ஆந் திகதி காலை தோல்ஸ்தோய் காலமானார்.

சிறுவயதில் அண்ணன் நிக்கொலாய் தம்பிமாருக்கு ஒரு கதை சொல்லியிருந்தான். மனிதர் எல்லாரும் துன்பமும் சண்டையுமின்றி இருக்கும் இரகசியம் ஒரு பச்சைக் குச்சியில் எழுதப்பட்டுக் காட்டில் ஒரு பள்ளத்தின் ஓரத்தில் புதைக்கப்பட்டிருக்கிறது என்பது அக்கதை. அவ்விடத்திலேயே தம்மை அடக்கம் செய்யவேண்டுமென்று கேட்டிருந்தார், அவ்வாறே செய்தனர். சிலுவையில்லை, கல்லில்லை, பெயருமில்லை. புல் மூடிய ஒரு மண்மேடு மாத்திரம் இன்றும் உளது. சோபியா அம்மையார் அதன்பின் ஒன்பதாண்டுகள் அவ்வீட்டிலேயே இருந்து, அவருடைய நூல்களையும் தாள்களையும் ஒழுங்குபடுத்தி, 1919இல் மறைந்தார். அவரை அக்காட்டில் வைக்கவில்லை. சற்றுத் தொலைவிலுள்ள கொச்சாக்கி இடுகாட்டில், குடும்பத்தவர் பலரோடு அடக்கம் செய்தனர்.